ஊதிப் பார்ப்பவர்

வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவர் தின்கிற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பியதுதான். ஐந்தாறு பருப்பை இடது உள்ளங்கையில் போட்டு வலது கட்டைவிரலால் தேய்ப்பார். சிவப்புத் தோல் கழன்று அங்கேயே கிடக்கும். உடனே ஊதிவிட மாட்டார். மீசையை விரலால் இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி என ஒதுக்கிவிடுவார். காற்று போகிற வழியில் ரோமம் குறுக்கே நிற்கக் கூடாது அல்லவா? பிறகு ஒரு கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, ஒரே ஊது. தோல் மட்டும் பறக்கும். பருப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவ்வளவு நுட்பம் ஒரு மனிதரின் வாயில் குடியேறிவிட்டால் அது மல்லாட்டையோடு நின்றுகொள்ளுமா?

நிற்கவில்லை. மனித குலத்தில் தட்டிப் பார்ப்பவர் உண்டு, ஆட்டிப் பார்ப்பவர் உண்டு, அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பவர் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களைச் சாதாரண ஜனங்கள் என்று விட்டுவிடலாம். நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிற இனம் வேறு. எந்தப் பொருள் எந்த வகையில் கெட்டிருந்தாலும் அதற்குக் காரணம் சூடு, மருந்து குளிர்ச்சி, அந்தக் குளிர்ச்சியைக் கொடுக்கப் பிறந்தவர் தாம் என்று நம்புகிறவர். ஊதிப் பார்ப்பவர்.

இந்த இனத்தில் நான் அருகிலிருந்து பார்த்தவர், அந்த மல்லாட்டைக்காரர்தான், திண்டிவனத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தேவநாதன். அவர் கடைக்கு எதிரேதான் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை. நடுவே ஒரு சாக்கடை, அதன்மேல் ஒரு கடப்பாக்கல். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வந்து, மெஷினைச் சூடேற்றிவிட்டு, கவிதைப் புத்தகம் ஒன்றைக் கல்லாவுக்குக் கீழே விரித்துவைத்துக்கொள்வேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே தலை தூக்கினால், எதிரே அவர் யாருடைய செட்டாப் பாக்ஸின் வயிற்றுக்குள்ளோ ஊதிக்கொண்டிருப்பார். புதுக்கவிதையில் வரிகளுக்கு நடுவே நிறைய இடைவெளி இருக்கும். ஆகவே நிறையப் பார்த்திருக்கிறேன்.

நியாயமாகப் பேச வேண்டும். ஊதிப் பார்ப்பது மூடநம்பிக்கை அல்ல. அது உலகம் ஒப்புக்கொண்ட ஒரு சோதனை முறை. ஒரு டிவி இருக்கிறது. போட்டவுடன் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்து, சீரியலில் மாமியார் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து, நின்றுவிடுகிறது. ஆறியபின் மறுபடி ஓடுகிறது. இதற்கு என்ன அர்த்தம்? உள்ளே இருக்கிற நூற்றுக்கணக்கான பாகங்களில் ஏதோ ஒன்றுக்குச் சூடு ஆகாது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நின்றுபோன நிலையில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் குளிரவைக்க வேண்டும். எதைக் குளிரவைத்ததும் டிவி பிழைக்கிறதோ, அதுதான் குற்றவாளி. பக்கத்தில் இருக்கிறவன்மேல் ஒரு துளிக் குளிரும் பட்டுவிடாமல் அட்டையால் மறைத்துக்கொண்டு, பொறுமையாக, ஒவ்வொன்றாக.

அந்த 'ஒவ்வொன்றாக' என்ற சொல்தான் நம் ஆளுக்கு ஒத்துக்கொள்ளாது.

குளிரவைக்க அவர் வைத்திருக்கும் ஆயுதங்களைப் பாருங்கள். முதலாவது மூச்சு, செலவில்லாதது, என்ன, மல்லாட்டை தின்ற வாய் என்பதால் திண்டிவனம் வட்டாரத்தில் பல டிவிகளுக்குள் சிவப்புத் தோல் இன்றும் கிடக்கிறது. மூச்சு தோற்றால் இளநீர்க் கடையில் கேட்டு வாங்கிய ஸ்ட்ரா. ஸ்ட்ரா தோற்றால் காது குடைகிற பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றுவது. அதுவும் தோற்றால் மீன்காரம்மாவிடம் ஒரு சில்லு ஐஸ் வாங்கிப் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போலச் சிப்பின்மேல் வைப்பது. அன்றைக்கு மீன்காரம்மா வரவில்லையென்றால் கம்ப்யூட்டரில் தூசி ஊதும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பது, நேராகப் பிடித்தால் வெறும் காற்று வரும், கவிழ்த்தால் பனியாகவே வரும். டப்பா தீர்ந்துவிட்டால் கபடி ஆடுகிறவர்கள் முழங்காலில் அடித்துக்கொள்ளும் வலி ஸ்ப்ரே. ஒரு மாதம் முழுக்க இந்தச் சந்தில் பழுது பார்த்துப் போன ரிமோட்டுகள் எல்லாம் தைல வாசனையோடு போயின.

இத்தனைக்கும் மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு கைக்குட்டை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது சென்னை ரிச்சித் தெருவிலிருந்து வரவழைத்த அசல் கூலிங் ஸ்ப்ரே. மெல்லிய சிவப்புக் குழாய் மூக்கு. ஒரு அழுத்து அழுத்தினால் அடிபட்ட இடம் உப்புப் பூத்ததுபோல வெளுத்துவிடும். அதை எடுக்கும் முன் அவர் கை கழுவுவார். அதைப் பார்ப்பதற்காகவே அங்கே கடை போட்டார்களோ என்று நினைக்கும்படி, சந்திலிருக்கும் பூக்கடை, டீக்கடை எல்லோரும் வந்து நின்றுகொள்வார்கள்.

அவருக்கென்று மூன்று வசனங்கள். வேலையை ஆரம்பிக்கும்போது, "சூடு ஏறிப்போச்சு." நடுவில் ஏதாவது விளக்கு எரிந்துவிட்டால், "பாத்தியா, பாத்தியா, பாத்தியா!" பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாசல்வரை வந்து, பிரசவம் பார்த்த டாக்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி: "எதுக்கும் பக்கத்துல ஒரு ஃபேன் வெச்சுக்கோங்க."

டிவிக்கு ஃபேன். இன்வெர்ட்டருக்கு ஃபேன். சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒருவரிடம் ஃபேன் வைக்கச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

பொருள் திரும்பி வந்தால்? வரும். வராமல் இருக்குமா? அவர் போர்டு முழுக்கக் குளிரடித்து ஓடவைத்து அனுப்பியிருக்கிறார். குளிர் போனதும் அது பழைய கதையை ஆரம்பிக்கிறது. ஆம்ப்ளிஃபயரோடு மூன்றாம் முறையாக வந்து நின்றார் ஆனந்தராஜ் என்கிற மைக்செட்காரர்.

"இன்னாண்ணா இது பேஜாரு? இங்க ஓடுது, வூட்டுக்கு எத்துக்கினு போனா நின்னுடுது."

"இங்க ஓடுதில்ல?"

"ஓடுது."

"வூட்லதான் நிக்குது?"

"ஆமா."

"அப்ப கோளாறு எங்க இருக்குது, நீயே சொல்லு."

ஆனந்தராஜ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பாவம், ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த இனம் சர்வீஸ் கடைகளில் மட்டும்தான் வாழ்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கிருஷ்ணசாமி ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டவரில்லை. ஆனால் தண்ணீர் மோட்டார் கெட்டு, மேல் வீடும் கீழ் வீடும் வாசலில் நின்று குடும்ப வரலாறுகளைப் பரிமாறிக்கொள்ளும்போது, அவர் ஒரு பெரிய கேனில் ரோஸ்மில்க் வாங்கிவந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுப்பார். குடிக்கிறவன் திட்ட முடியாது. சண்டை நிற்கும். "பாத்தீங்களா, இவ்ளோதான்" என்று டம்ளரைக் கழுவப் போவார். மோட்டார்? அது அப்படியே கிடக்கும். மூன்று வருடமாக அந்த வீட்டில் தண்ணீர் வந்ததைவிட ரோஸ்மில்க் அதிகம் வந்திருக்கிறது.

சரி, தேவநாதனுக்கு வருவோம். அவருடைய ஊதலுக்கு ஒரு உயிர்ப் பிரச்சினை வந்தது. உயிர் என்றால் ஒன்றல்ல, ஒரு தட்டு நிறைய.

மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து செண்பகம் வந்தாள். அவளிடம் ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. தெர்மாகோல் பெட்டி, பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டைகள், உள்ளே சூட்டுக்கு இரண்டு குண்டு பல்பு, வெளியே சூட்டைக் கவனித்துக்கொள்ள ஒரு சின்ன கன்ட்ரோல் போர்டு. போர்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் உள்ளே போகும். அதன் நுனியில் மிளகு அளவு சென்சார் முட்டைகளுக்கு நடுவே கிடந்து சூடு பார்க்கும். சூடு முப்பத்தேழரையைத் தொட்டால் பல்பு அணையும். குறைந்தால் எரியும். ரொம்பக் குறைந்தால் கூவும். கோழி செய்கிற வேலைதான். என்ன, கோழி கூவாது.

சித்திரையில் வாங்கிய புதிதில், போர்டைத் தொட்டால் சுடுகிறது என்று ஒருமுறை தேவநாதனிடம் கொண்டுவந்திருந்தாள். வழக்கமான உபசாரங்கள் நடந்து, வழக்கமான வசனங்களோடு அனுப்பப்பட்டாள். வெயில் காலம் முழுக்கப் பெட்டி நன்றாக ஓடியது; பத்து, இருபது முட்டை வைத்துப் பழகினாள். அந்தத் தைரியத்தில் கார்த்திகையில் தெரு முழுக்கக் கேட்டு வாங்கி, எந்த முட்டை எந்த வீடு என்று பென்சிலால் இனிஷியல் போட்டு, தட்டு நிறைய அடுக்கிவிட்டாள். பாதிக் குஞ்சு கொடுத்தவர்களுக்கு, பாதி அவளுக்கு. கோழி வளர்ப்பைத் தொழிலாகச் செய்யப்போகிறாள் என்று தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. "செண்பகம் அடைக்குக் குந்தியிருக்கா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

குஞ்சு வெளியே வர இன்னும் ஒரு வாரம்கூட இல்லாதபோது சூடு இறங்க ஆரம்பித்தது.

"ண்ணா, ராவெல்லாம் கத்திக்கினே கீதுண்ணா. முப்பத்தி நாலுக்கு வந்துடுச்சி. நீங்க இன்னா பண்ணுவீங்களோ தெரியாது, ஜல்தியா பாத்துக் குடுங்க."

"இப்ப முட்டைங்க?"

"போர்டைக் கழட்டிட்டு பல்பை நேரா பிளக்குல சொருகிட்டேன். எங்க வூட்டுக்காரு பக்கத்துல குந்திக்கினு கையாலயே போட்டுப் போட்டு அணைச்சிக்கினு இருக்காரு."

"அப்ப சூடு நிக்குதா?"

"அது நிக்குதுண்ணா, ஜொரம் பாக்கற தர்மாமீட்டரை வெச்சிப் பாத்தேன். போர்டை மாட்டுனாதான் எறங்குது."

தேவநாதன் எழுந்தார். இதைவிடத் தெளிவான சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? மனிதர் போட்டு அணைத்தால் சூடு நிற்கிறது, போர்டு போட்டு அணைத்தால் இறங்குகிறது. "அப்ப போர்டுதான்" என்றார். கை கழுவினார். கைக்குட்டை விலகியது. பூக்கடை வந்தது, டீக்கடை வந்தது. நான் கவிதைப் புத்தகத்தில் ஒரு பழைய ரசீதைச் செருகிவிட்டுக் கடப்பாக்கல்வரை வந்தேன்.

போர்டை மேசையில் வைத்து ஒரு பல்பை மாட்டினார். சென்சார் ஒயர் நீளமாகத் தொங்கித் தொந்தரவு செய்தது. அதைச் சுருட்டிப் போர்டின்மேலேயே வைத்துக்கொண்டார். பல்பு எரிந்தது. அடுத்து, முறைப்படி, போர்டைச் சூடாக்க வேண்டும். மகள் வெண்ணிலா ஒரு மாதமாக வீட்டில் தேடிக்கொண்டிருக்கும் ஹேர் டிரையரை எடுத்துப் போர்டு முழுக்கச் சூடு காட்டினார். கொஞ்ச நேரத்தில் பல்பு அணைந்தது.

"பாத்தியா! சூடானா நின்னுடுது."

கூட்டம் 'உச்' கொட்டியது. இப்போது ஸ்ப்ரே. மீசை ஒதுங்கியது, ஒரு கண் மூடியது, சிவப்புக் குழாய் நீண்டது. புஸ். போர்டு வெளுத்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா, பாத்தியா, பாத்தியா!"

டீக்கடைக்காரர் கை தட்டினார். தேவநாதன் வெளுத்த இடத்திலிருந்த ஒரு பாகத்தைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தார். மறுபடி சூடு, மறுபடி பல்பு அணைந்தது. மறுபடி புஸ்; மறுபடி எரிந்தது. இன்னொரு பாகம். அதற்கும் அதேதான். மூன்றாவது பாகத்தையும் மாற்றியபின் ஸ்ப்ரே டப்பா களைத்துப்போய் இருமியது. பல்பு எரிகிற நேரமாகப் பார்த்து வேலையை முடித்தார்.

"முடிஞ்சிதும்மா. இனிமே கூவாது."

"கண்டிப்பாண்ணா? டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள ஆடுதுண்ணா ஒண்ணொண்ணும். கண்ணு தெரியுது."

கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது. தேவநாதன்கூட மூன்றாவது வசனத்தை மறந்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குச் சாயங்கால ரயிலில், பேரணி ஸ்டேஷன் தாண்டும்போதுதான் உறைத்தது. சூடு ஏறினால் அணைவதும், குளிர்ந்தால் எரிவதும் அந்தப் போர்டின் நோய் அல்லவே, அதன் உத்தியோகம் அல்லவா? சென்சாரைச் சுருட்டிப் போர்டின்மேலேயே வைத்துக்கொண்டு அதற்கே சூடும் காட்டி, அதற்கே பனியும் அடித்தால், பாவம் அது வேறு என்ன செய்யும்? கடமையைச் செய்த ஒவ்வொரு முறையும் அதன் உடம்பிலிருந்து ஒரு பாகத்தைப் பிடுங்கியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த முட்டைகளின் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே எதிரே அவர் போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து செண்பகத்தின் குரலும், பின்னணியில் பெட்டியின் கூவலும் சந்து முழுக்கக் கேட்டன.

"முப்பத்தி மூணுண்ணா! பொடவையெல்லாம் போட்டு மூடிக்கீறேன். ஓட்டையை மூட முடியாது, உள்ள இருக்கறது மூச்சு விடணுமே. நீங்க வர்றீங்களா, நான் முட்டையோட அங்க வந்து குந்தட்டுமா?"

கடையை விட்டு வெளியே வராதது இந்த இனத்தின் இயல்பு. தேவநாதன் வந்தார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். "தம்பி, உன் வண்டிய எடு" என்றார். திண்டிவனம் ஸ்டேஷனில் ராத்திரி போட்டுவைத்து, காலையில் நான் கடைக்கு ஓட்டிவரும் பழைய வண்டி. பின்னால் அவர், அவர் மடியில் பை, பைக்குள் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலும் மிச்ச ஸ்ப்ரேவும்.

நேருக்கு நேர் நின்று எனக்குப் பேச வராது. வண்டி ஓட்டும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் தைரியம் வந்தது.

"அண்ணா, நேத்து ஒயரைச் சுருட்டி போர்டு மேலயே வெச்சீங்க."

"ஆமா."

"சூடு காட்டுனா அது அணையத்தானே செய்யும்?"

மயிலம் மலை கண்ணுக்குத் தெரிகிற வளைவு வந்தது. நான் அவரைப் புண்படுத்திவிட்டேனோ என்று கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். மீசை இரண்டு பக்கமும் காற்றில் தானாகவே ஒதுங்கியிருந்தது.

"தம்பி" என்றார் கடைசியில், "நான் அதைத்தான் டெஸ்ட் பண்ணேன்."

வீட்டில் ஒரே ஒரு அறை, தகரக் கூரை. மழை ஓய்ந்த புழுக்கம். கட்டிலில் பெட்டி, அதன்மேல் மூன்று புடவை, பக்கத்தில் ஸ்டூலில் ஒரு மேசை ஃபேன், தரையில் செண்பகத்தின் கணவர் மாரியப்பன். முந்தின நாள் முழுக்கப் பல்பைப் போட்டு அணைத்த களைப்பில் அவர் விரல் இன்னும் மடங்கிக்கொண்டிருந்தது. வாசலில் முட்டை கொடுத்த வீடுகளின் பிரதிநிதிகள், இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவர், "கோழிக்கு ஏதுப்பா போர்டு" என்றார். செண்பகம் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

தேவநாதனுக்கு வியர்த்து ஊற்றியது. ஹெல்மெட்டைக் கழற்றி, ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டார். அன்று நான் பார்த்த தேவநாதன் வேறு ஆள். சென்சாரைத் தொடவே இல்லை. அது முட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடத்திலேயே கிடந்தது. நேற்று பிடுங்கிய மூன்று பழைய பாகங்களையும் பையிலிருந்து எடுத்து அதனதன் இடத்தில் திரும்ப வைத்தார். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து அட்டையாக்கினார். இந்தப் பக்கத்துப் பாகத்தை மறைத்தார், அந்தப் பக்கத்துப் பாகத்தை மறைத்தார், நடுவில் இருந்ததற்கு மட்டும் ஸ்ட்ராவால் ஊதினார். காத்திருந்தார். அடுத்தது. காத்திருந்தார். அடுத்தது. பத்து வருஷமாக அவர் செய்யாத அந்த 'ஒவ்வொன்றாக' அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. கடைசியில் பல்பை இயக்கும் கறுப்பு ரிலேவுக்கு வந்தார். அதன் காலில் ஈயம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததாம். கோலைச் சூடாக்கி ஒரு சொட்டு வைத்தார்.

"பாரும்மா இப்ப."

எண் முப்பத்து நான்கைக் காட்டியது. முப்பத்தைந்து. கூவல் நின்றது, அது நின்றதும்தான் அவ்வளவு நேரம் அது கூவிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. முப்பத்தாறு. செண்பகம் எண்ணைப் பார்க்கவில்லை; தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து போன் டார்ச்சில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுது" என்றாள்.

"பாத்தியா" என்றார் தேவநாதன். ஒரே ஒரு முறை, அதுவும் மெதுவாக.

முப்பத்தேழரை வந்து, பல்பு தானாக அணைந்து, தானாக எரிந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். வண்டியில் அவர் ரிலே பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு உள்ளுக்குள், நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் அவரை ஒவ்வொன்றாக ஊதவைத்தது, அந்த ஒவ்வொன்றாக ஊதியதுதான் ரிலேவைக் காட்டியது, ஆகவே ஒரு வகையில் குஞ்சுகளுக்கு நானும் தாய்மாமன் என்று ஓடிக்கொண்டிருந்தது.

குஞ்சுகள் வந்தன. எல்லாம் வரவில்லை, குளிர் தாங்காமல் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் தெருவுக்குச் சொன்ன கணக்கை நேர்செய்யவும் செண்பகத்துக்கு ஒரு கூடை மிஞ்சவும் போதுமான அளவு வந்தன. துண்டுக்காரரே தை மாதத்துக்கு முட்டை தருவதாக முன்பதிவு செய்திருக்கிறாராம். தேவநாதன் கடையில் இப்போது சாமி படத்துக்குக் கீழே, கைக்குட்டை போர்த்திய டப்பாவுக்குப் பக்கத்தில், மஞ்சளும் கறுப்புமாய்க் குஞ்சுகள் மேய்கிற போட்டோ தொங்குகிறது. நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறார். "டிவி, ரேடியோ யார் வேணா பாப்பான். நம்ம ஸ்ப்ரே உசுரையே காப்பாத்துன ஸ்ப்ரே." ஒவ்வொன்றாக ஊதுகிற பழக்கம் அந்த ஒரு நாளோடு போய்விட்டது. புஸ் என்று ஒரே அடி; பாத்தியா மூன்று தடவை; வாசல்வரை வந்து ஃபேன்.

இதுவரை படித்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரையோ மைத்துனரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ரிமோட் வேலை செய்யாதபோது பேட்டரியைக் கழற்றி ஊதினீர்களே, அது ஏன்? போன் சூடானால் ஃப்ரிட்ஜுக்குள் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தீர்களே, அது யார் சொல்லிக் கொடுத்தது? வீட்டில் ஒருவர் முகம் கடுத்தபோது, 'கொஞ்சம் ஆறட்டும்' என்று மல்லிகைப்பூவோடும் பரோட்டா பார்சலோடும் வந்தீர்கள்; முகம் மலர்ந்தது; கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தூங்கப் போனீர்கள். எங்கே குளிரடித்தோம், எது பிழைத்தது, உண்மையில் எதனால் பிழைத்தது என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்த்ததுண்டா? எதற்கும் கண்ணாடி முன் நின்று உதட்டைக் குவித்துப் பாருங்கள். கை தானாக மீசைக்குப் போனால், அல்லது மீசை இருக்க வேண்டிய இடத்துக்குப் போனால், நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

போன வாரம் மாரியப்பன் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பெட்டி எப்படி ஓடுகிறது, ரிலே சரியாக இருக்கிறதா என்று, தாய்மாமன் அல்லவா, விசாரித்தேன். அவர் எதிர்க்கடையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் போனப்புறம், அவரு தன் பக்கம் திருப்பி வுட்டுட்டுப் போன ஃபேனை நான் பழையபடி பெட்டி பக்கம் திருப்பி வெச்சேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் கத்துது தம்பி. இவ அவருக்குப் போன் போட்டா, ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஆத்திரத்துல ஃபேனை ஆஃப் பண்ணா. அவரை மறுபடி கூப்புடறதுக்குள்ள சூடு ஏற ஆரம்பிச்சிடுச்சி, போனை வெச்சிட்டா. ஃபேன் காத்து நேரா அந்தப் பெட்டி ஓட்டைக்குள்ளதான் அடிச்சிக்கினு இருந்திருக்கு. வெயில் காலத்துல தெரியல, மழைக்காத்துல காட்டிடுச்சி. போர்டைக் கழட்டி எடுத்துக்கினு வந்தாளே, அன்னிக்கி மட்டும், போர்டே இல்லையேன்னு ஃபேன் போடல, சூடு நின்னுக்கினு இருந்துது."

ஜெராக்ஸ் மெஷின் அவருடைய ஆதாரைத் துப்பியது. நான் அதை எடுக்கவில்லை.

"ஏன் அங்க ஃபேன் வெச்சீங்க?"

"நாங்களாவா வெச்சோம்?" மாரியப்பன் தாளை அவரே எடுத்துக்கொண்டார். "அவருகிட்ட சொல்லிக்கினு இருக்காத தம்பி, மனசு ஒடிஞ்சிடுவாரு. சித்திரையிலயே வாசல் வரைக்கும் வந்து அவருதான வைக்கச் சொன்னாரு."